எடுத்துக் கொடுத்த வார்த்தைகள்

ஜூலை 8

என் அறைத்தோழிக்கு,

நலம்தானே? என் பெண் உன் வகுப்பில் படிக்கிறாள் என்று நினைக்கும்போதெல்லாம் நம் விடுதி அறை கண்முன் வந்து நிற்கிறது. ஒரே ஜன்னல்; அதன் பக்கத்துக் கட்டிலுக்கு எத்தனை சண்டை! என் ஓயாத பேச்சுக்கு 'வானொலி' என்று பெயர் வைத்தார்கள். உனக்குத் திக்கினால் பின்வரிசைப் பையன்கள் சிரிப்பார்கள்.

நேற்று இவள் போனில், "மேடம் ஒரு வார்த்தையில நின்னுட்டா பசங்க இப்பவும் சிரிக்கிறாங்கம்மா" என்றாள். எனக்கு ரத்தம் கொதித்தது. நான் உன்னைத் திணற விட்டிருப்பேனா? நீ வாயைத் திறந்ததுமே மீதியை நான் சொல்லிவிடுவேனே! "நீயும் எடுத்துக் குடுடி" என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

அன்புடன்,
உன் வானொலி

ஜூலை 21

அன்பு வானொலிக்கு,

உன் பெண் அச்சு அசல் நீயேதான். திங்கட்கிழமை, "செடிக்கு முதல்ல வேண்டியது ம... ம..." என்று நின்றுவிட்டேன். முன்வரிசையிலிருந்து "மழை!" என்றாள். வகுப்பே மழை என்று எழுதிக்கொண்டது. நான் சொல்ல வந்தது மண்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கொஞ்சம் பொறு கண்ணு, நானே வந்து சேர்றேன்" என்றேன். அதைச் சொல்லி முடிக்கவும் நேரமாயிற்று. எல்லாரும் பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தார்கள், பின்வரிசை உட்பட.

உன்னோடு கேன்டீனில் உட்கார்ந்திருந்த அந்த நாட்களுக்கு இன்றும் ஏங்குகிறேன். ஆனால் ஒன்று சொல்லட்டுமா? நான் வாயெடுப்பதற்குள் "ரெண்டு டீ" என்பாய். எனக்கு டீ பிடிக்கவே பிடிக்காது. வாய்மொழித் தேர்வில்கூட, "அவளுக்குத் தெரியும் சார்" என்று நீயே பதிலைச் சொன்னாய். அந்தப் பையன்கள் சிரித்து முடித்தபின் காது கொடுத்தார்கள். நீ முடித்துவைத்தபின் என்னை யாருமே கேட்கவில்லை.

என்றும் உன்,
அறைத்தோழி

ஆகஸ்ட் 19

உனக்கு,

இத்தனை நாள் பேனாவைத் தொடவில்லை. கோபம்தான். உனக்காக எத்தனை பேரோடு மல்லுக்கு நின்றேன்! பிடிக்கவில்லையென்றால் அப்போதே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

வானொலி

ஆகஸ்ட் 27

அடி வானொலி,

சொல்லத்தான் தொடங்கினேன், பல தடவை. நீ முடித்துவிட்டாய்.

நீ மல்லுக்கு நின்றதை மறந்தால் எனக்குச் சோறு இறங்காது. உன்னிடம் என்பதால்தான் மனதைத் திறந்தேன். போனில் பேச நான் கஷ்டப்படுவேன் என்று நீயாகவே முடிவுகட்டி, இத்தனை வருஷமும் கடிதமாகவே எழுதிவிட்டாய். உன் குரலுக்கு என் காது ஏங்கிக் கிடக்கிறதடி.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் கூப்பிடுகிறேன். எடுத்ததும் கொஞ்ச நேரம் சத்தமே வராது. யாரோ என்று வைத்துவிடாதே. நான்தான்.