வீடு யாருடையது என்று கேட்டார்கள்

1995 பெப்ரவரி 6

ஒரு மாதமாகச் சண்டை இல்லை. வெடிச் சத்தம் கேட்காததால் நித்திரை வரவில்லை என்று சொன்னால் யாராவது நம்புவார்களா?

மாவட்ட நிர்வாகம் நடக்கும் கச்சேரியிலிருந்து ஆள் வந்தது. பாராளுமன்ற உப குழு ஒன்று அடுத்த மாதம் மட்டக்களப்புக்கு வருகிறதாம். சண்டையில் எரிந்த வீடுகளைத் திருப்பிக் கட்டிக் கொடுக்க ஒரு விதி இருக்கிறது. அது சரியாக வேலை செய்கிறதா என்று சாட்சிகளைக் கேட்டு ஆராயப் போகிறார்கள். ஊரில் விசாரித்து எழுத, சாட்சிகளைக் கூட்டி வர ஓர் ஆய்வு உதவியாளர் தேவை. மூன்று மொழியும் தெரிந்தவர் என்பதால் அழகரத்தினமாகிய நான் தெரிவானேனாம். உண்மைக் காரணம், மற்றவர்கள் எல்லாம் வெளிநாடு போய்விட்டார்கள். ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை.

ஓர் ஆளுக்கு அரிசி போடுவது ஐந்து வருடமாகியும் கைக்கு வரவில்லை. இன்றும் மிச்சம். காகத்துக்கு வைத்தேன்.

பெப்ரவரி 11

விதியைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். வீடு 'குடும்பத் தலைவருக்கு' வழங்கப்படும். தலைவர் என்றால் கணவர். கணவர் இல்லாவிட்டால் மனைவி அவருடைய மரண அத்தாட்சிப் பத்திரத்தைக் காட்ட வேண்டும். கொழும்பில் மின்விசிறிக்குக் கீழே இருந்து எழுதியவருக்கு இதில் ஒரு குறையும் தெரிந்திருக்காது.

இங்கே வீடு எந்தக் காலத்தில் ஆம்பிளைக்கு இருந்தது? வீடு பெண்ணுக்கு. கலியாணம் முடித்தவன் அங்கே போய் இருப்பான். நானும் அப்படி வந்தவன்தான். இந்த வீடு என் மனைவி பூரணியுடையது. தொண்ணூறில் அவள் மகளையும் கூட்டிக்கொண்டு ஜேர்மனிக்குப் போனாள். "நிலைமை சரியானா வாறம்" என்றாள். வீட்டைப் பார்க்க நான் நின்றேன்.

பெப்ரவரி 17

செட்டிபாளையம் போனேன். வீடு எரிந்த கண்ணகையின் வளவில் கரி பிடித்த சுவர்கள் மட்டும் நிற்கின்றன. பக்கத்தில் ஒரு தகரக் கொட்டில், அதற்குள் அவளும் ஒன்பது வயது மகளும். புருசன் இளையதம்பி தொண்ணூறில் வாவிக்கு அக்கரை, மண்டூர்ப் பக்கம் வெள்ளாண்மை வெட்டப் போனவர். திரும்பவில்லை. உடலும் இல்லை, செய்தியும் இல்லை. கண்ணகை பொட்டு வைத்திருக்கிறாள். அதற்கும் ஊர் வாய் சும்மா இல்லை.

"செத்த சேட்டிபிக்கட் எடுத்தா வீடு தருவாங்களாம்" என்றாள். "நான் கையெழுத்துப் போட்டா, அவர் செத்திற்றார் என்டு நானே சொன்ன மாதிரித்தானே? வீட்டுக்காக மனிசனச் சாகடிக்கச் சொல்றீங்களா அண்ணன்?"

இதை அப்படியே குழுவிடம் வந்து சொல் என்றேன்.

"என்ட கதைய அவங்க கேப்பாங்களா?"

"கேக்கத்தானே வாறாங்க."

வீராப்பாகச் சொல்லிவிட்டேன். கேட்பார்களா என்று எனக்கே தெரியாது. 

மார்ச் 5

ஞாயிறு. கொமினிக்கேஷன் கடையில் காலையிலிருந்து காத்திருந்து ஜேர்மனிக்கு லைன் கிடைத்தது. மகள் வதனி பேசினாள். "அப்பா, சுகமா?" அதற்கு மேல் என்ன சொல்வதென்று பிள்ளைக்குத் தெரியவில்லை. தாயிடம் கொடுத்துவிட்டாள். பதினொரு வயது. குரல் மாறிவிட்டது.

பூரணி சொன்னது: "வீட்ட ஒருத்தருக்கும் வாடகைக்குக் குடுத்திராதீங்க. வதனிட வீடு."

நான் சாப்பிடுகிறேனா என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

மார்ச் 14

கோட்டைக்குள்ளே கச்சேரி மண்டபம். குழுவின் முறை இது: ஆய்வு உதவியாளர் பின்வரிசையில் இருக்க வேண்டும், கேட்டாலொழிய வாய் திறக்கக்கூடாது. அவசரம் என்றால் துண்டுச் சீட்டு எழுதி அனுப்பலாம்.

கண்ணகை நன்றாகத்தான் பேசினாள். குழுத் தலைவர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். பிறகு, எல்லாரிடமும் கேட்கும் சாதாரணக் கேள்விதான் — அந்த வீடு யாருடையது?

அவள் யோசிக்கவே இல்லை. "மகள்ட வீடு ஐயா."

"மகளுக்கு என்ன வயது?"

"ஒம்பது."

தலைவர் பேனையை வைத்தார். காணி உறுதிப் பத்திரமோ உரிமையோ உங்களுக்கு இல்லையென்றால் நீங்கள் எப்படி வீடு கேட்கலாம் என்றார். கண்ணகை விழித்தாள். எதைப் பிழையாகச் சொன்னாள் என்று அவளுக்கு விளங்கவில்லை. உறுதி அவள் பெயரில்தான் இருக்கிறது. ஆனால் பெண்பிள்ளை பிறந்த நாளிலிருந்து இங்கே எந்தத் தாய் 'என்ட வீடு' என்று சொல்லியிருக்கிறாள்? என் பூரணி சொன்னாளா?

உறுதி தாயின் பெயரில் என்று துண்டு எழுதி அனுப்பினேன். தலைவர் அதை வாசிக்காமல் தேநீர்க் கோப்பைக்குக் கீழே வைத்துவிட்டு அடுத்த சாட்சியைக் கூப்பிட்டார்.

கதிரையில் எப்படி இருப்பது, ஒலிவாங்கியில் எப்படிப் பேசுவது — எல்லாம் சொல்லிக் கொடுத்தேன், இதைத் தவிர. வெளியே வந்து அவள், "நான் கெடுத்திற்றனா அண்ணன்?" என்றாள். இல்லை என்றேன். வேறென்ன சொல்ல? படுபாவி, உனக்குத் தெரியாதா இது வருமென்று? 

மார்ச் 15

இன்று காத்தான்குடி முஸ்லிம் சாட்சிகள். சித்தி நபீஸா என்பவரின் வீடும் எரிந்தது. கணவர் கல்குடாப் பக்கம் புடவை விற்கப் போய் வராமல் போனவர். கண்ணகைக்கு இன்று வேலை இல்லை, ஆனாலும் வந்திருந்தாள். இரண்டு பேரும் ஒரே மர வாங்கில் இருந்தார்கள். நடுவில் இன்னும் இரண்டு பேர் இருக்கலாம், அவ்வளவு இடைவெளி. தொண்ணூறில் நடந்த கொலைகளுக்குப் பிறகு எங்கள் சனமும் அவர்கள் சனமும் அப்படித்தான் இருக்கிறோம்.

அதே கேள்வி வந்தது. வீடு யாருடையது?

"மூத்த மகள்ட, சேர்."

கண்ணகை சட்டென்று திரும்பி அவரைப் பார்த்தாள்.

"மகளுக்குக் கலியாணம் ஆகிவிட்டதா?"

"இல்ல சேர், பள்ளிக்கூடம் போறா."

மண்டபத்தில் சிரிப்பு. தலைவர் சிரிக்கவில்லை. நேற்றும் ஒருவர் இதையே சொன்னார் என்றார். அப்படியானால் இந்த ஊரில் ஆண்களுடைய வீடு எது?

"ஆம்புளயள் வந்து இரிக்கிறவங்கதானே சேர்" என்றார் நபீஸா. இதுகூடத் தெரியாதா என்ற முகம். "வீடு பொம்புளைக்கித்தான். உம்மா மகளுக்காகப் பாத்துக் குடுக்கிற."

"ஓம் ஐயா, அதத்தான் நானும் சொன்ன" என்று வாங்கிலிருந்தே கத்தினாள் கண்ணகை. கேட்காமல் பேசக்கூடாது என்ற முறையை ஒருவரும் அவளுக்கு நினைவூட்டவில்லை.

தலைவர் பின்வரிசைக்குத் திரும்பினார். "மிஸ்டர் அழகரத்தினம், நீங்கள் யாருடைய வீட்டில் இருக்கிறீர்கள்?"

"மனைவியின் வீட்டில், சேர்."

"மனைவி?"

"ஜேர்மனியில்."

"வீட்டில் வேறு யார்?"

"ஒருவருமில்லை."

அதை அத்தனை பேருக்கு முன்னால் சத்தமாகச் சொன்னது இதுதான் முதல்தரம்.  தலைவர் இந்த வழக்கத்தை எழுத்தில் தரச் சொன்னார். எழுதினேன்: 'குடும்பத் தலைவர்' என்பதை நீக்கி 'வீட்டின் உரித்தாளர்' என்று போடுக. தாய் மகளுக்காக வைத்திருக்கும் வீட்டுக்குத் தாயே உரித்தாளர். கணவரின் மரண அத்தாட்சி தேவையில்லை.

மண்டபத்தை விட்டு வரும்போது பார்த்தேன். வாங்கில் அந்த இடைவெளி இல்லை. நபீஸா வெற்றிலைப் பொட்டலத்தை நீட்டிக்கொண்டிருந்தார்.

ஏப்ரல் 20

சண்டை திரும்பவும் தொடங்கிவிட்டது.

ஓகஸ்ட் 9

கொழும்பிலிருந்து ஒரு சொல் இல்லை. சந்தையில் கண்ணகையைக் கண்டேன். "அவங்க மறந்திட்டாங்களோ அண்ணன்?" அறிக்கை பாராளுமன்றத்துக்குப் போய்விட்டது என்றேன். போனது உண்மை. எந்த அலுமாரிக்குள் கிடக்கிறதோ.

கொமினிக்கேஷன் கடைக்குப் பூரணி எடுத்திருந்தாள். வதனியின் படிப்பு அங்கேதானாம், இனி அங்கேயே இருப்பதுதான் நல்லதாம். கேட்கவில்லை, சொன்னாள். "நீங்களும் வாங்களன்" என்றாள். வார்த்தை வந்தது, மனம் வரவில்லை. ஐந்து வருடத்தில் அதுகூடத் தெரியாதா எனக்கு?

"வீடு?" என்றேன்.

 லைன் அறுந்ததா, அவள் வைத்தாளா, தெரியாது.

1996 பெப்ரவரி 22

வந்துவிட்டது! திருத்திய சுற்றறிக்கை. 'வீட்டின் உரித்தாளர்' — என் சொல், ஓர் எழுத்துக்கூட மாறவில்லை. கச்சேரிப் படியிலேயே நின்று வாசித்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான், யாருக்குச் சொல்வது என்று யோசித்தேன்.

யூலை 10

கண்ணகையின் புது வீட்டில் பால் காய்ச்சினார்கள். சின்ன வீடு, சீமெந்து வாசனை போகவில்லை. நபீஸா யன்னல் திரைக்குத் துணி கொண்டு வந்திருந்தார். முன் அறையில் ஒரு சாய்மனைக் கதிரை. அதில் இருக்கப் போன என்னைக் கண்ணகை தடுத்தாள்.

"அது அவருக்கு, அண்ணன். வந்தா இரிக்கிறதுக்கு."

பாயில் இருந்து சாப்பிட்டேன். வயிறு நிறைய.

ஓகஸ்ட் 3

கிராம சேவகர் வந்தார். புதிய விதிப்படி எல்லா வீட்டுக்கும் உரித்தாளரைப் பதிகிறார்களாம்.

"வீடு யார்ர?"

"மகள்ட" என்றேன். யோசிக்கவே இல்லை.

"அவ எங்க?"

"ஜேர்மனியில."

"வருவாவா?"

"இல்ல."

"அப்ப நீங்க?"

"வந்து இரிக்கிறவன்."

பகிடி என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே போனார். படலையைச் சாத்திவிட்டு வந்து அடுப்பு மூட்டினேன். சாப்பிட்டு முடித்துப் பானையைப் பார்த்தால் ஒரு பருக்கை மிச்சமில்லை. முதல்தரமாக அரிசி சரியாகப் போட்டிருக்கிறேன்.