ஜெர்மனித் தலையாட்டல்

மே 2

லாரி இன்றும் கிளம்பவில்லை. வெள்ளைப் புகையைக் கக்கி, நாலு இருமல் இருமி, அடங்கிவிட்டது. என்ஜினுக்குள் டீசலைப் பீச்சும் இன்ஜெக்டர்கள் பழுதாகிவிட்டன. நாலுமே.

ரோஜா பறிப்பு தொடங்க இன்னும் இரண்டு வாரம்கூட இல்லை. வெயில் ஏறுவதற்குள் பூ மூட்டைகள் ரோஜா எண்ணெய் எடுக்கும் வடிசாலைக்குப் போய்ச் சேராவிட்டால் பூ உள்ளேயே வெந்துவிடும். அந்த மூட்டைகளை ஏற்றிப் போவதுதான் இந்த ஊரில் எனக்கிருக்கும் ஒரே பிழைப்பு. லாரி ஓடாவிட்டால் மறுபடி ஜெர்மனிதான். இருபதாம் தேதிவரை உன் இடத்தை யாருக்கும் கொடுக்கமாட்டேன் என்று அங்கே முதலாளி சொல்லியிருக்கிறார்.

நெவேனா ஒரு வாரமாக என்னோடு சரியாகப் பேசுவதில்லை. உப்பை எடு, கதவைச் சாத்து, அவ்வளவுதான். கட்டிய பெண்டாட்டிக்கு என்ன கோபம் என்றுகூடத் தெரியவில்லை. நான் என்ன செய்தேன்?

மே 4

புது இன்ஜெக்டர்கள் வந்துவிட்டன. மெக்கானிக்கைக் கூப்பிடு என்றான் மின்ச்சோ, நெவேனாவின் அண்ணன்.

"ஜெர்மனியில இத்தனை வருஷம் லாரி ஓட்டினவன் நான்" என்றேன்.

"ஓட்டினே, மாப்ளே. ஒரு தடவையாவது கழட்டினியா?"

வேலை இருப்பதுபோல நடந்துவிட்டேன்.

மே 6

புனித ஜார்ஜ் திருநாள். ஊரே ஆட்டுக்குட்டி சுட்டுத் தின்கிறது. நான் துருவுக்கு எண்ணெய் ஊற்றிவிட்டு அது இளகுமா என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

மே 8

மூன்று கழன்றன. நாலாவது அசையவில்லை. கெஞ்சினேன். திட்டினேன். ஜெர்மன் மொழியிலும் திட்டினேன்.

மே 9

கழன்றது! இழுத்த வேகத்தில் நானும் கழன்று வெங்காயப் பாத்தியில் போய் உட்கார்ந்தேன். நெவேனா ஜன்னலில் நின்று பார்த்தாள். சிரிக்கவில்லை. அவள் சிரிக்காததுதான் வலித்தது.

மே 10

புதியவற்றைப் பொருத்திவிட்டு, வெற்றி வீரனாகப் பழையதையெல்லாம் வரிசையாக வைத்துப் பார்த்தேன். செம்பு வாஷர்கள் மூன்றுதான் இருந்தன. நாலாவது? குழிக்குள்ளேயே இருக்கிறது. அதன் மேலேயே புது வாஷரைப் போட்டு முடுக்கியிருக்கிறேன். மறுபடி கழற்று, மறுபடி பொருத்து. நல்லவேளை, மின்ச்சோ ஊரில் இல்லை.

மே 12

இதை எழுதும்போதுகூடத் தலையில் டீசல் நாற்றம்.

குழாய்க்குள் இருக்கும் காற்றை வெளியேற்ற இரண்டு பேர் வேண்டும். இன்ஜெக்டர் பக்கம் மரையைத் தளர்த்த ஒருவர், உள்ளே சாவியைத் திருப்ப ஒருவர். நெவேனாவை ஏற்றி உட்கார வைத்தேன். மரையைத் தளர்த்திவிட்டு, திருப்பு என்று தலையை மேலும் கீழும் ஆட்டினேன். சாவியைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள். இன்னும் பலமாக ஆட்டினேன். கையைக் கட்டிக்கொண்டாள். என்ன பெண் இவள் என்று அலுத்துப்போய்த் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டே, மரை சரியாக இருக்கிறதா என்று குனிந்தேன். சாவியைத் திருப்பிவிட்டாள். டீசல் சீறி அடித்து, சட்டையெல்லாம், தலையெல்லாம்.

"நான் ஆட்டுறது உன் கண்ணுக்குத் தெரியலையா?" என்று கத்தினேன்.

"நல்லாத் தெரிஞ்சுது. வேண்டாம்னு ஆட்டினே, சும்மா இருந்தேன். ஆமான்னு ஆட்டினே, திருப்பினேன்."

வேலிக்கு அந்தப் பக்கம் மின்ச்சோ, கையில் ரக்கியாச் சாராயக் கிளாஸோடு. எப்போது வந்து தொலைந்தானோ! "மாப்ளே, ஆளு வந்துட்டே. தலை மட்டும் ஜெர்மனியிலயே இருக்கு."

எங்கள் நாட்டில் மேலும் கீழும் என்றால் இல்லை, இடவலம் என்றால் ஆமாம். தொட்டிலிலிருந்தே தெரிந்த விஷயம். அதைப் போய் மறந்திருக்கிறேன்!

நெவேனா இறங்கி வந்தாள். முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"அப்ப அன்னிக்கு?"

"என்னிக்கு?"

"திரும்பிப் போயிருவியான்னு கேட்டேன்ல? ரொட்டிய மென்னுக்கிட்டே இப்படி ஆட்டினே." இடவலமாக ஆட்டிக் காட்டினாள்.

"ஐயோ... அது இல்லைன்னு ஆட்டினதுடி!"

"வாயத் தொறந்து சொன்னா என்ன, முத்தா உதிர்ந்துரும்?" குரல் உடைந்துவிட்டது. "ராத்திரியெல்லாம் தூக்கமில்ல எனக்கு. சரி, லாரி ஓடலைன்னா?"

"ஓடலைன்னாலும் போகமாட்டேன்."

சொன்ன பிறகுதான் அது எனக்கே தெரிந்தது. முதலாளி, சம்பளம், இருபதாம் தேதி என்று நான் போட்டுவைத்த கணக்கெல்லாம் எங்கே போயிற்று? டீசல் பட்டுக் கண் எரிந்தது. டீசல்தான்.

மே 13

ஓடுகிறது. புகை இல்லை. இருமல் இல்லை. மின்ச்சோ சுற்றிச் சுற்றி வந்து குறை தேடினான். கண்ணாடி அழுக்காக இருக்கிறதாம்.

மே 20

விடியலில் இரண்டு நடை. லாரியும் நானும் ரோஜாவாக மணக்கிறோம், டீசல் கொஞ்சம் கலந்து. மத்தியானம் ஜெர்மனி முதலாளி போனில் கூப்பிட்டார். வரவில்லை என்று வாயால் சொன்னேன்.

சட்டை மாற்றக் கட்டிலுக்கு அடியில் குனிந்தால் பெட்டியைக் காணோம். ஜெர்மனியிலிருந்து வந்து பாதி பிரித்தபடியே கிடந்த பெட்டி. என் சட்டைகள் அவள் துணிகளுக்குப் பக்கத்தில் அலமாரியில் அடுக்கியிருந்தன.

"பெட்டி எங்கே?" என்றேன்.

"கொட்டகையில. சத்தம் போடாமப் போய்ப் பாரு, கோழி அடை உட்கார்ந்திருக்கு."

போய்ப் பார்த்தேன். பெட்டி நிறைய வைக்கோல். கிட்டப் போனதும் உள்ளே உட்கார்ந்திருந்த கோழி கொத்த வந்தது.