பக்கத்துக் கட்டில்காரர்

சூரியநெல்லி,
தை மாதம், 2022.

அன்புள்ள கமலாத்தாள் அக்காவுக்கு,

மலையிலிருந்து சாந்தம்மாள் எழுதுகிறேன். எல்லோரும் சுகமா என்று கேட்கவே தயக்கமாக இருக்கிறது. இருந்தாலும் கேட்கிறேன். மகன் சிவப்பிரகாஷ் வயலைப் பார்த்துக்கொள்கிறானா?

திருச்சூர் ஆஸ்பத்திரி நர்ஸ் டின்சியிடம் என் விலாசம் வாங்கி நீங்கள் போட்ட கடிதம் வந்தது. போனிலேயே பேசலாமே என்று என் வீட்டுக்காரர் சுருளிவேல் சொன்னார். சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை பேசினால் எனக்கு இன்னும் மூச்சு வாங்குகிறது. எழுதினால் நடுவில் நிறுத்திக்கொள்ளலாம். தேயிலைக் கொழுந்து எடுக்கவும் போக முடியவில்லை. எஸ்டேட்டில் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை கொடுத்திருக்கிறார்கள்.

கொரோனா வந்து மூச்சு முட்டியபோது மலையில் எங்கும் கட்டில் கிடைக்கவில்லை. அதனால்தான் என்னைத் திருச்சூர் வரை கொண்டுபோனார்கள். ஐ.சி.யூ.வில் கண்ணைத் திறந்தால் எல்லாமே வெள்ளை. முகமில்லாத உடுப்புகள் மிதந்து வரும், மிதந்து போகும். பகலா இரவா என்று தெரியாது. காதில் விழுவதெல்லாம் மலையாளம். அப்போதுதான் பக்கத்துக் கட்டிலிலிருந்து, "ஏனுங்கம்மிணி, எந்த ஊருங்க?" என்று ஒரு குரல் கேட்டது. அவர்தான் உங்கள் வீட்டுக்காரர்.

ஆக்ஸிஜன் மூடிக்குள் அவரால் ஒரு மூச்சுக்கு ஒரு வார்த்தைதான் சொல்ல முடியும். வாளையார்ப் பக்கமிருந்து வரும் காற்றையும், நெல் கதிர் விடும்போது வரும் மணத்தையும் அப்படித் துண்டு துண்டாகச் சொன்னார். நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன்.

எனக்குத் தொண்டையில் குழாய் வைக்க வந்தபோது பயத்தில் டின்சியின் கையை விடவில்லை. "தூங்கீட்டு வாங்கம்மிணி, நான் இங்கயேதான் இருப்பனுங்க" என்றார் அவர்.

தூங்கினேன். அந்தத் தூக்கத்தில் சூரியநெல்லிச் சரிவெல்லாம் தேயிலை போய் நெல் விளைந்திருந்தது. பனி வரப்பு வரப்பாக இறங்கி வழிந்தது. கணுக்கால் வரை வெதுவெதுப்பான தண்ணீர். மெஷின் சத்தம் எங்கோ தூரத்து மழையாகக் கேட்டது. உங்கள் வீட்டுக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் நடந்தார். கொஞ்சம்கூட மூச்சு வாங்கவில்லை. கூப்பிட்டேன், குரல் வரவில்லை. அவராகவே திரும்பி, அங்கேயே நில்லுங்கள் என்பதுபோல் கை காட்டிவிட்டுப் பனிக்குள் போனார். அக்கா, இது மருந்து மயக்கத்தில் வந்த கனவு. இதை அவர் சொல்லியனுப்பிய சேதி என்று உங்களிடம் சொல்லமாட்டேன்.

விழித்தபோது அந்தக் கட்டிலில் வேறொருவர் இருந்தார். உங்கள் வீட்டுக்காரரை வார்டுக்கு மாற்றிவிட்டதாக டின்சி சொன்னாள். நான் சுவரைப் பிடித்து நடக்கத் தொடங்கிய பிறகுதான் உண்மையைச் சொன்னாள். எனக்குப் பிறகு அவருக்கும் குழாய் வைத்தார்களாம். முதலில் சிறுநீரகம் கெட்டு, பிறகு இதயமும் நின்றுவிட்டதாம். கடைசிவரை தான் பக்கத்திலேயே இருந்ததாகவும், மயக்கத்தில் அவருக்கு வலி தெரிந்திருக்காது என்றும் சொன்னாள். ஒரே மருந்து, ஒரே மாதிரி மெஷின். பிறகு ஏன் இப்படி என்று டாக்டரிடம் கேட்டேன். அவர் என் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். "ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்றவரை நான்தானே ஆம்புலன்ஸில் பிடித்து ஏற்றினேன், தனியாகச் சாக அனுப்பிவிட்டேனே, என்மேல் கோபமாக இருந்தாரா" என்று எழுதியிருந்தீர்கள். இதற்கு நான் சொல்வது கனவில்லை. குழாய் வைப்பதற்கு முன்னால் நல்ல நினைவோடு கேட்டது. டின்சியும் கேட்டிருக்கிறாள். "எங்கூட்டுக்காரி புடிச்சு ஏத்தியுடலீன்னா அன்னிக்கே போயிருப்பனுங்க. இதெல்லாம் அவ குடுத்த நாளுங்க" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். மூடியின் உள்பக்கம் ஆவி படிந்து முகம் மறைந்தது.

அவர் தனியாகவும் இல்லை அக்கா. பக்கத்தில் நான் இருந்தேன்.

இங்கே குளிர் குறைந்ததும் சிவப்பிரகாஷைக் கூட்டிக்கொண்டு மலைக்கு ஒருமுறை வாருங்கள். என்னைப் பார்த்ததும் உங்கள் மனம் என்ன பாடுபடும் என்று எனக்குத் தெரியாது. அழுகை வந்தாலும் சரி, கோபம் வந்தாலும் சரி. வந்து என் கையால் ஒரு வாய் சாப்பிடுங்கள். எனக்கு அது வேண்டும் அக்கா.

நீங்கள் நிம்மதியாகத் தூங்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்ளும்,
சாந்தம்மாள்