திருப்பிப் போட்ட சட்டை

என் பிரியமானவனுக்கு,

ஆஸ்திரேலியத் தோட்டத்தில் பழம் பறிப்பு முடிந்துவிட்டதா? நம் மகள் லோசாவின் கொப்புளங்களுக்குக் காரணம் தெரிந்துவிட்டது. தொட்டாலே தோல் உரியும் பிறவி நோயாம். ஐம்பதாயிரம் குழந்தைகளில் ஒன்றுக்குத்தான் வருமாம்; சமோவாவில் இந்த டாக்டர் பார்த்ததே இல்லையாம். கொப்புளத்தைக் குத்தி நீரை வடித்து, ஒட்டாத துணியால் கட்டச் சொன்னார். முழுதாகக் குணமாக்க வழியில்லையாம்.

குடும்பத்தில் வேறு யாருக்காவது உண்டா என்று கேட்டார். உன் அம்மா முந்திக்கொண்டு, "எங்க வம்சத்துலயே கிடையாது" என்றார்.

ஆனால் லோசா பிறந்த அன்று, குதிகாலில் தோல் உரிந்திருந்ததைப் பார்த்ததுமே உன் அம்மா அவளைத் தலையணையோடுதான் தூக்கினார். தையல் உறுத்தாதபடி சட்டையை உள்புறம் வெளியே தெரியத் திருப்பிப் போட்டார். டாக்டர் அப்போது வரவேயில்லை.

இன்று கேட்டேன். "இதெல்லாம் யார் சொல்லிக் கொடுத்தாங்க அத்தை?"

"ஏன்டி, காலேஜ் போனவளுக்குத்தான் பிள்ளை வளர்க்கத் தெரியுமோ?" என்று சிரித்துவிட்டு, சேப்பங்கிழங்கு உரிக்கப் போய்விட்டார்.

நான் பழி சொல்லவில்லை. அப்பா, அம்மா இருவரிடமும் இருந்தால்தான் பிள்ளைக்கு வருமாம், பாதி என்னுடையது. உனக்கு முன்னால் உன் அம்மாவுக்கு இப்படி ஒரு குழந்தை இருந்ததா? இருந்திருந்தால், அது நடந்ததா, பேசியதா, எத்தனை வயது வரை இருந்தது என்று மட்டும் எழுது.

உன் மகளின் தாய்