நஸ்ரின், புத்தகம் வாங்கிவிட்டேன்

என் நஸ்ரின் புள்ளைக்கு,

புத்தகம் வாங்கிவிட்டேன். வேறு யாரிடம் சொன்னாலும் ‘சரி’ என்பார்கள், அத்தோடு முடிந்துவிடும். அதனால்தான் உனக்கு எழுதுகிறேன்.

வார்டுக்குப் போகத் தொடங்கியதும் பொது மருத்துவத்துக்கு ஆளுக்கொரு புத்தகம் வாங்கி, மாற்றி மாற்றிப் படிப்பதாக இருந்தோம். தலையணை மாதிரி இருக்கும் பெரிய புத்தகம் உனக்கு, சின்னது எனக்கு. அதற்குள் நீ போய்விட்டாய். இனி ஒன்றுதான் என்றானபோது, எதை வாங்குவது என்று எனக்குத் தெரியவில்லை.

சீனியர்களைக் கேட்டேன். பெரியதைப் படித்தால்தான் மேற்படிப்புக்கு உதவும் என்றார் ஒருவர். அதை வாங்கிய யாரும் படித்து முடித்ததில்லை என்றார் இன்னொருவர். எல்லாம் போனிலேயே இருக்கிறதே என்றார்கள் நம் வகுப்பில். நீயாக இருந்தால் என்னோடு சண்டை போட்டாவது ஒரு முடிவுக்கு வந்திருப்பாய்.

வார்டில் இருவர் இருவராகத்தான் நோயாளியைப் பார்க்கிறோம். நீ இல்லாததால் நான் ஏதாவதொரு ஜோடியோடு மூன்றாவது ஆளாக நிற்கிறேன். யாரும் என்னை ஒதுக்கவில்லை. கேட்டால் சேர்த்துக்கொள்கிறார்கள். தினமும் கேட்க வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

ஒரே நோயை இரண்டு புத்தகத்திலும் படித்துப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று ஒரு மத்தியானம் நூலகத்தில் உட்கார்ந்தேன். நெஞ்சுவலியைப் பற்றிப் படிக்கத்தான் நினைத்திருந்தேன். கை டெங்குவைத் தேடிப் போய்விட்டது.

ரத்தக் குழாயிலிருந்து நீர் எப்படிக் கசிகிறது என்று பெரிய புத்தகத்தில் பக்கம் பக்கமாக இருந்தது. அதெல்லாம் உன் உடம்புக்குள் நடந்தது என்று என்னால் நினைக்கவே முடியவில்லை. சின்னதில் கொஞ்சம்தான் எழுதியிருந்தார்கள். காய்ச்சல் விடுகிற நேரம்தான் ஆபத்தான நேரமாம். அப்போது வயிற்றுவலியோ வாந்தியோ இருந்தால் விட்டுவிடக் கூடாதாம். அதற்கு மேல் படிக்க முடியவில்லை.

“காய்ச்சல் உட்டுருச்சு புள்ள. வயிறுதான் கொஞ்சம் வலிக்குது, தூங்குனாச் சரியாயிரும்.” நீ கடைசியாக அனுப்பிய குரல் இன்னும் என் போனில் இருக்கிறது. மறுநாள் காலையில் உன்னை எழுப்ப முடியவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நாம் அந்தப் பாடத்துக்கு அப்போது வந்திருக்கவே இல்லை, இல்லையா?

நூலகத்தில் அதைப் படித்த பிறகு ஒருநாள், ஒடிசாவிலிருந்து பனியன் கம்பெனிக்கு வேலைக்கு வந்த ஒரு பெண் நம் வார்டில் இருந்தாள். காய்ச்சல் விட்டுவிட்டது, வேலைக்குப் போக வேண்டும் என்று பையைக் கட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வயிறு வலிக்கிறதா என்று என் அரைகுறை இந்தியில் கேட்டேன். ஆமென்று தலையாட்டினாள். ஓடிப்போய்ப் பணியிலிருந்த டாக்டரை அழைத்து வந்தேன். அவர் பரிசோதித்துவிட்டு டிரிப் ஏற்றச் சொன்னார், அவளைப் போகவிடவில்லை. சில நாளில் தேறி, தன் காலாலேயே நடந்து வெளியே போனாள். சொல்லலாம் என்று பக்கத்தில் திரும்பினேன். அங்கே யாரும் இல்லை.

அன்று சாயங்காலமே சின்னப் புத்தகத்தை வாங்கினேன். அவிநாசி பஸ்ஸில் ஏறி என் வீட்டுக்குப் போகாமல், நேராக உங்கள் வீட்டுக்கு வந்தேன். கீழே உன் அத்தாவின் பனியன் யூனிட்டில் தையல் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. உன் அம்மா டீ கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார்கள். புத்தகத்தைத் தொட்டுப் பார்த்தார்கள். இத்தனை நாளாகக் கேட்காததை அப்போது கேட்டார்கள்.

“காய்ச்சல் உட்டுருச்சுன்னுதானே கண்ணு அவளத் தூங்கவெச்சேன். அப்புறம் எப்படி?”

புத்தகத்தைத் திறக்காமலே சொன்னேன். இந்த நோயில் சூடு இறங்கிய பிறகுதான் சிலருக்கு உடம்பு உள்ளுக்குள் தளர்ந்துபோகும், வெளியே பார்த்தால் தெரியாது என்றேன். கேட்டுவிட்டு அம்மா புத்தகத்திலிருந்து கையை எடுத்தார்கள்.

“அப்ப நாந்தான் பாக்காம உட்டுட்டனா?”

“இல்லீங்கம்மா. டாக்டருக்குப் படிக்கிற எங்க ரெண்டு பேருக்குமே அது தெரியலீங்க. உங்களுக்கு எப்படீங்கம்மா தெரிஞ்சிருக்கும்?”

அம்மா என் தோளில் சாய்ந்து அழுதார்கள். உன்னைக் கொண்டுபோன அன்றுகூட நான் அவர்கள் அழுது பார்க்கவில்லை. நானும் அழுதேன். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, தோசை ஊற்றட்டுமா என்று கேட்டார்கள்.

நீ இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? நான் சொன்னது சரிதானா? இதைக் கேட்கவும் உன்னைவிட்டால் எனக்கு ஆளில்லை.

ஒன்று மட்டும் உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். காய்ச்சல் விட்டுவிட்டது என்று சந்தோஷமாகக் கிளம்புகிறவர்களைப் பார்த்தால், எத்தனை அவசரம் இருந்தாலும், அவர்களோடும் கூட வந்தவர்களோடும் உட்கார்ந்து, புரிகிற மாதிரி பேசிவிட்டுத்தான் அடுத்த கட்டிலுக்குப் போவேன். அவர்களுக்கு எந்த மொழி தெரியுமோ, அந்த மொழியில்.

உன் அம்மா வயிற்றில் பிறக்காத தங்கை,
கவிதா