மத்தியான மேசைக்கு ஒரு அறை

எப்போதும் எனக்கு முந்திப் பேசிவிடுகிற என் எஸ்தருக்கு,

இந்தத் தடவை நான் முந்திக்கொண்டேன். நீ குறுக்கே பேச முடியாது என்கிற தைரியத்தில்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். சுகமா என்று கேட்டால், "ஏளா, செத்தவகிட்ட கேக்கிற கேள்வியா இது?" என்று சிரிப்பாய். அதனால் கேட்கவில்லை. ஆனாலும் சுகமாக இரு.

கல்லூரி ஆண்டு மலருக்கு முதல்வர், நம் பெரிய சிஸ்டர், என்னிடம் ஒரு கட்டுரை கேட்டார்கள். மாணவியர் வழிகாட்டி அறை எப்படித் தொடங்கியது, என்னென்ன செய்கிறது என்று எழுத வேண்டுமாம். கட்டுரை எனக்கு வராது சிஸ்டர், எஸ்தருக்கு வேண்டுமானால் ஒரு கடிதம் எழுதித் தருகிறேன், மற்றவர்களும் படித்துக்கொள்ளட்டும் என்றேன். சிஸ்டர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "எழுது. ஆனா அவ என்னை மாதிரி நடிச்சுக் காட்டினதையெல்லாம் எழுதாத" என்றார்கள். அவர்களுக்கு அப்போதே தெரிந்திருக்கிறது, பார்த்தாயா?

ஆமாம், அறைதான். நம் மேசைக்கு ஒரு அறை கொடுத்துவிட்டார்கள். விலங்கியல் ஆய்வகத்துக்குப் பக்கத்தில் உடைந்த பெஞ்சுகளை அடுக்கி வைத்திருந்தார்களே, அந்த இடம். வெள்ளையடித்து, கதவுக்குப் பச்சைப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். என் பாட வேளைகளைக் குறைத்து, இதையும் என் வேலையாகவே ஆக்கிவிட்டார்கள். வருகிற திங்கட்கிழமை திறக்கிறோம்.

நம்மைத் தெரியாத பிள்ளைகளும் இதைப் படிப்பார்கள். அதனால் உனக்குத் தெரிந்த கதையையே கொஞ்சம் சொல்லப் போகிறேன், பொறுத்துக்கொள்.

நீ நாசரேத்திலிருந்து வந்து ஹாஸ்டலில் இருந்தாய். அப்பா தலைமையாசிரியர், அம்மா டீச்சர், சித்திமார் இரண்டு பேரும் டீச்சர். உங்கள் வீட்டில் தடுக்கி விழுந்தால் ஒரு டீச்சர் மேல்தான் விழ வேண்டும். எந்தப் படிப்புக்கு அப்புறம் எந்தப் படிப்பு, எந்த வேலைக்கு எப்போது எழுதிப் போட வேண்டும், ரேங்க் வாங்குகிறவர்கள் எப்படிப் படிக்கிறார்கள் என்பதெல்லாம் உனக்குச் சோற்றோடு ஊட்டிவிட்டது. நான் கடற்கரைத் தெருக்காரி. அப்பா சங்கு குளிக்கப் போகிறவர். முத்துக்குளி நின்று வெகுநாளாகிவிட்டது, சங்குதான் எங்களுக்குச் சோறு போட்டது. எங்கள் தெருவிலிருந்து காலேஜ் வாசலை மிதித்த முதல் பெண் நான்தான்.

இரண்டாம் வருஷத்தில் ஒரு நாள் நம் சீனியர் அக்கா ஒருத்தி வராந்தாவில் நின்று அழுதுகொண்டிருந்தாள். ஆசிரியப் பயிற்சிக்கு எழுதிப் போடும் தேதி போன வாரமே முடிந்துவிட்டது என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. அவளுக்குச் சொல்ல வீட்டில் ஆள் இல்லை. உனக்கு வந்ததே கோபம்! மறுநாள் சாப்பாட்டு மணி அடித்ததும் ஹாஸ்டல் கேரம் மேசையை என்னையும் பிடிக்கச் சொல்லி இழுத்துவந்து வராந்தாவில் போட்டாய். "படிக்கத் தெரியாம ஒருத்தி தோத்தா அது அவ பாடு. விவரம் தெரியாத காரணத்துனால ஒருத்தி தோக்கக் கூடாது" என்றாய். நான் டிபன் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு உன் பக்கத்தில் உட்கார்ந்தேன். அந்த டப்பாவில் இருந்த மீன்குழம்புக்காகத்தான் முதல் வாரம் பாதிப் பேர் வந்தார்கள் என்பது வேறு விஷயம்.

அப்புறம் என்ன கூட்டம்! கணக்கு வராதவளுக்குக் கணக்கு வருகிறவளை ஜோடி சேர்த்தாய். பாங்கு, தபால் ஆபீஸ், டீச்சர் டிரெயினிங், நர்சிங் என்று எதற்கு என்ன வழி என்று சொன்னாய். தெரியாததை விசாரித்துக்கொண்டு வந்து மறுநாள் சொன்னாய். ஆறுமுகநேரி உப்பளத்திலிருந்து வந்த கண்மணியை ரேங்குக்குத் தயார் செய்தாயே, நினைவிருக்கிறதா? அவளுக்கு எல்லாம் தெரியும், ஆனால் தெரிந்ததையெல்லாம் முதல் கேள்வியிலேயே கொட்டிவிட்டுக் கடைசிக் கேள்விக்கு வருமுன் மணி அடித்துவிடும். ஹாஸ்டல் மணியை மடியில் வைத்துக்கொண்டு அவள் முன்னால் உட்கார்ந்து, ஒரு பதிலுக்கு நேரமானதும் ஈவு இரக்கமில்லாமல் அடிப்பாய். அவள் பல்கலைக்கழக ரேங்க் வாங்கிய அன்றைக்கு அவளைவிட நீதான் அதிகம் கத்தினாய்.

எல்லாருக்கும் வழி கண்டுபிடித்த உனக்கு நான்தான் சண்டி மாடு. நேர்முகத் தேர்வுக்குப் பழக்குகிறேன் என்று மூக்குக் கண்ணாடியைத் தாழ்த்திப் போட்டுக்கொண்டு, சிஸ்டர் மன்னிக்கட்டும், அப்படியே பெரிய சிஸ்டர் குரலில் கேள்வி கேட்பாய். பாடத்தில் எதைக் கேட்டாலும் சொல்லிவிடுவேன். "சரி. இன்னும் அஞ்சு வருஷத்தில் என்னவாக இருப்பாய்?" என்று கேட்டதும் என் வாய் பூட்டிக்கொள்ளும். "வாயில என்ன கொழுக்கட்டையா? உனக்கு ஆசையே கிடையாதா ஏளா?" என்று மேசையைத் தட்டுவாய். எனக்கு ஆசை இருந்தது. தொண்டை வரை இருந்தது.

புதுத் துறைமுகம் திறந்த வருஷம் அது. பரீட்சை முடிந்த கையோடு எம்.எஸ்ஸி.க்கு இரண்டு இடத்தில் எழுதிப் போட்டிருந்தேன். முதல் இடம் பக்கத்திலேயே, பாளையங்கோட்டையில். அங்கேயும் கடைசியில் அதே கேள்வியைக் கேட்டார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். பாவம், அவர்கள் இரண்டு தடவை கேட்டுப் பார்த்தார்கள். இடம் கிடைக்கவில்லை. மிச்சம் இருந்தது சென்னை மட்டும். அதுவும் கிடைக்காவிட்டால் படிப்பு போதும், கல்யாணம்தான் என்று அப்பா சொல்லிவிட்டார். கோபமாகச் சொல்லவில்லை. பேசி வைத்திருந்த மாப்பிள்ளை வீட்டாரை எவ்வளவு நாள்தான் காக்க வைப்பார்?

விஷயம் தெரிந்ததும் நாசரேத்திலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டாய். என்னை ஏசுவதற்கென்றே வந்தாய். ராத்திரி எங்கள் வீட்டில் தங்கினாய். விடியும் முன்னே அப்பா வலைப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலைத் தாண்டும்போது நீ பல் தேய்த்துக்கொண்டு வெளியே நின்றாய். மரியாதைக்காரப் பிள்ளை அல்லவா, பேசாமல் இருந்தால் தப்பு என்று நினைத்து, "எங்க மாமா போறீய? இன்னைக்கு எத்தனை சங்கு எடுப்பீய?" என்று சத்தமாகக் கேட்டாய்.

அடுப்படியில் அம்மா கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. அப்பா திரும்பி உள்ளே வந்தார், பையை ஆணியில் மாட்டினார், ஒரு செம்பு தண்ணீர் குடித்துவிட்டுக் கட்டிலில் படுத்துவிட்டார். வெளியே வள்ளத்து ஆட்கள் கூப்பிட்டதற்கு, "இன்னைக்கு நான் வரல, நீங்க போங்க" என்று மட்டும் சொன்னார்.

நீ வாயில் நுரையோடு அப்படியே நின்றாய். அம்மாதான் உன்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னாள்: "கடலுக்குப் போறவுகள எங்க போறீகன்னு கேக்கக் கூடாது மக்களே. என்ன கொண்டாருவீகன்னு அதவிடக் கேக்கக் கூடாது. போறவுகளும் சொல்ல மாட்டாக. சொன்னா அது நடக்காது, ஆளும் திரும்ப மாட்டாகன்னு ஒரு பயம்."

"அப்ப எப்பத்தான் கேக்கது?" என்றாய்.

"வந்த பொறவு கேளு. கரையில கால் வச்சுட்டாகன்னா எவ்வளவு வேணும்னாலும் கேளு. கேக்கலைன்னாதான் கோவம் வரும்."

உள்ளேயிருந்து அப்பா, "பிள்ளைய ஒண்ணும் சொல்லாத. தெரியாமக் கேட்டுட்டு" என்றார். நீ அழவில்லை. மன்னிப்புக் கேட்டுவிட்டு, மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தாய். அந்தப் பார்வை இன்னும் எனக்கு அப்படியே இருக்கிறது. இத்தனை நாளாக அந்தக் கேள்விக்கு நான் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று உனக்கு அந்த நிமிஷம் புரிந்துவிட்டது. எனக்கும் அப்போதுதான் புரிந்தது என்று சொன்னால் நம்புவாயா? அது பயம் என்று எனக்கே தெரியாது. வாய் வரவில்லை, அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன்.

வேறு யாராக இருந்தாலும் மூடநம்பிக்கை என்று ஒரு பிரசங்கம் வைத்திருப்பார்கள். நீ வைக்கவில்லை. காப்பி குடித்துவிட்டு என்னைக் கடற்கரைக்கு இழுத்துப் போனாய். ஒரு கவிழ்த்த வள்ளத்தின் நிழலில் என்னை நிறுத்தினாய். "இங்க பாரு. நீ போயிட்டு வந்துட்டே. அஞ்சு வருஷம் முடிஞ்சு போச்சு. இப்பக் கரையில நிக்கே. நான் உன்னைக் கூப்பிட வந்திருக்கேன். சொல்லு, என்ன கொண்டாந்தே?"

நான் பேசினேன் எஸ்தர். எம்.எஸ்ஸி. முடித்தேன் என்றேன். சங்கு எங்கே முட்டை வைக்கிறது, குஞ்சு எத்தனை பிழைக்கிறது என்று அப்பாவோடு வள்ளத்தில் போய்ப் பார்த்துவந்தேன் என்றேன். காலேஜில் பாடம் நடத்துகிறேன், எங்கள் தெருப் பிள்ளைகள் முன் பெஞ்சில் இருக்கிறார்கள் என்றேன். வெயில் ஏறி நிழல் நம்மைவிட்டு நகர்ந்துபோன பிறகும் பேசிக்கொண்டே இருந்தேன். நீ குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. உன் வாழ்நாளில் அந்த ஒரு தடவைதான் என்று நினைக்கிறேன். கடைசியில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "இதைத்தான் அங்கன போய்ச் சொல்லணும். போயிட்டு வந்தவளா உக்காரு, போதும்" என்றாய்.

சென்னையில் அந்தக் கேள்வி வந்தது. நான் ஒரு மூச்சு இழுத்துவிட்டுக் கரையில் நின்றேன். எதிரே உட்கார்ந்திருந்த பேராசிரியர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். இடம் கிடைத்தது. ஊர் திரும்பியதும் அப்பா நான் தண்ணீர் குடித்து முடிக்கிறவரை பொறுத்திருந்து, "என்னளா, எப்படி?" என்று கேட்டார். சொன்னேன். அவர் எழுந்துபோய் மாப்பிள்ளை வீட்டாருக்கு நல்லவிதமாகப் பதில் சொல்லிவிட்டு வந்தார்.

இன்றைக்கு நான் தின்கிற சோறு நீ போட்டது. இதை உன் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால் "போளா, பெரிசாப் பேச வந்துட்டா" என்று தள்ளிவிட்டிருப்பாய். இப்போது தள்ள முடியாது. நன்றி எஸ்தர். நன்றி.

நாம் போன பிறகும் மேசை நிற்கவில்லை. ஜூனியர் பிள்ளைகள் நடத்தினார்கள், நான் டியூட்டராகத் திரும்பி வந்ததும் சேர்ந்துகொண்டேன். உன் கேள்விக்கு இப்போது பெயரே இருக்கிறது, கரைக் கேள்வி. போன மாதம் வேம்பாரிலிருந்து வருகிற பிள்ளை ஒருத்தியிடம் கேட்டேன். முதலில் விரலை நெரித்துக்கொண்டு நின்றாள். அப்புறம் பேசினாள் பாரு, வகுப்பு மணி அடித்தது எங்கள் இரண்டு பேருக்குமே கேட்கவில்லை.

உன் வீட்டுக்காரர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு சாத்தான்குளத்திலிருந்து எப்போதாவது வருகிறார். மஞ்சள்காமாலை உன்னை இவ்வளவு சீக்கிரம் கொண்டுபோகும் என்று யாருக்குத் தெரியும்? இன்னும் ஒரு வருஷம் கூட ஆகவில்லை. பிள்ளைக்கு இப்போது பேச்சு வந்துவிட்டது. யாரையும் பேச விடுவதில்லை. யார் மகள்!

ஒன்று சொல்ல வேண்டும். நீ வயிற்றுப் பிள்ளையோடு என்னைப் பார்க்க வந்தாயே, அன்றைக்குப் பஸ் ஸ்டாண்டில் உன்னைப் பிடித்துவைத்துக் கேட்டேன். ஊருக்கெல்லாம் கேட்டாயே, இப்போது நீ சொல்லு, போய்விட்டு வந்துவிட்டாய், என்ன கொண்டுவந்தாய் என்று. நீ யோசிக்கக்கூட இல்லை. "ஒரு ரூம் ஏளா. நம்ம மேசைக்கு. கதவு வச்சது. சாப்பாட்டு நேரம் மட்டும் இல்ல, நாள் பூரா திறந்திருக்கும். உள்ள நீ உக்காந்திருக்கே" என்றாய். நான் சிரித்தேன். உனக்கென்று ஒன்றும் இல்லையா என்று கேட்டேன். "இது எனக்குத்தான்" என்று பஸ் ஏறிவிட்டாய்.

நீ கொண்டுவந்தது வந்து சேர்ந்துவிட்டது எஸ்தர். நீதான் சேரவில்லை.

திங்கட்கிழமையிலிருந்து அந்த அறையில் இருப்பேன். எழுதிப் போடும் தேதி தெரியாமல் ஒருத்திகூட அழாதபடி பார்த்துக்கொள்வேன். வாய் திறக்காதவளை அவள் திறக்கிறவரை கரையிலேயே நிறுத்திவைப்பேன். என்றைக்காவது நானும் நீ இருக்கிற கரைக்கு வருவேன் அல்லவா, அப்போது எல்லாரையும் தள்ளிக்கொண்டு முன்னால் வந்து நின்று நீ கேட்க வேண்டும். வெறுங்கையோடு வரமாட்டேன்.

இப்படிக்கு,
உன் மகள் பெரியம்மா என்று கூப்பிடுகிற
செசிலி