கடதாசி நண்டைத் தொட்டது யார்?

1974 ஆனி 12, இரவு.

எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஒரு கடதாசி நண்டுக்காக இன்று மனைவியைச் சந்தேகப்பட்டேன்.

நண்டு கப்பலேறும் கதையைத் தனியாளாகப் படமாக்குகிறேன். நண்டை மயிரளவு நகர்த்தி ஒரு படம், இன்னும் நகர்த்தி இன்னொரு படம். கமெராவில் இருந்தது கடைசிப் படச்சுருள். மத்தியானம் சாப்பிட்டுத் திரும்பினால் நண்டு இடம் மாறிக் கிடக்கிறது!

"நீர் தொட்டனீரோ?"

"ஓம், நண்டும் நானும் கடற்கரைக்குப் போயிட்டு வந்தனாங்கள். உங்களைக் கூட்டிக்கொண்டு போக ஏலாது எண்டிட்டுது," என்று சிரித்தாள்.

அந்தச் சிரிப்பை நான் நம்பவில்லை. வெளியே போவதாகச் சொல்லிவிட்டு அலுமாரிக்குப் பின்னால் ஒளிந்திருந்தேன். அவள் வரவில்லை. நண்டின் கால்களை ஒட்டிய சோற்றுப்பசையைத் தின்ன ஒரு கரப்பொத்தான் பூச்சி வந்து நண்டை அசைத்தது. செருப்பால் ஓங்கி அடித்தேன். அடி கமெராவில் விழுந்தது. மூடி திறந்து, சுருளில் வெயில் பட்டு, எடுத்ததெல்லாம் போயிற்று. கரப்பொத்தானுக்கு ஒன்றுமில்லை.